இரண்டு நாட்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை

நான் சேர்ந்த முதுகலைப் படிப்பு இரண்டு நாடுகளில் நடப்பது. முதல் வருடம் போலந்து, இரண்டாம் வருடம் ஸ்பெயின். இரண்டையும் முடித்தால்தான் பட்டம். ஒன்றை மட்டும் முடித்தவனுக்கு எதுவும் கிடையாது. ஸ்பெயினுக்கான விசாவை ஊருக்குத் திரும்பி வந்துதான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஜூலை மாதம் ஒரே ஒரு பெட்டியோடு கள்ளிக்குப்பத்தில் வந்து இறங்கினேன்.

தெருவில் இதை விளக்குவது சிரமமாக இருந்தது. வெளிநாடு போனவன் படித்து முடித்து வர வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும். பாதியில் வந்து நின்று, அடுத்தது வேறு நாடு என்று சொல்கிறவனை யாருக்கும் நம்பத் தோன்றவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"இன்னாப்பா, போன வேகத்துல வந்துட்ட? தொரத்திவுட்டானுங்களா?"

"இல்லக்கா. மீதிப் படிப்பு ஸ்பெயின்ல."

"ஏன், மொத ஊட்ல சோறு சரியில்லியா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சோறு உண்மையிலேயே சரியில்லை.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறார். வண்டி உதிரிபாகங்கள் அடைத்த அட்டைப்பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஹீட் கன்னால் சூடான காற்றை அடித்து, பெட்டியோடு ஒட்டிச் சுருங்கவைப்பது அவர் வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் பெட்டிமேல் அச்சடித்திருக்கும் குடை, கண்ணாடிக் கோப்பை, மேல்நோக்கிய அம்பு இவற்றையெல்லாம் நம்மைவிட வேகமாகப் படிப்பார். நனையக் கூடாது, உடையும், இந்தப் பக்கம் மேலே.

வந்த அன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தார். என் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி இன்ஜினியரிங் பட்டம்வரை எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். நான் போலந்தில் இருந்த வருடம் மழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு வந்தது. அதைப் போனில் பார்த்திருந்தேன். டிவியையும் மிக்ஸியையும் விட்டுவிட்டு இந்தப் பையை முதலில் மாடிக்கு ஏற்றியதை இப்போதுதான் சொன்னார்.

"மறுநாளே பாய் கடைக்கு எத்துகினு பூட்டேன். தண்ணில போட்டு ஊற வெச்சாலும் இனிமே ஒண்ணும் ஆவாது. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். வழவழப்பாக, விறைப்பாக இருந்தன.

"நல்லா கீதா?"

"சூப்பரா இருக்குப்பா" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் எதுவும் தெரியாது.

போலந்துக்கு ஸ்கேன் செய்த நகல்களே போதுமாக இருந்தன. ஸ்பெயினுக்கு அசல் பட்டம் வேண்டும். அதன் பின்புறத்தில் முதலில் மாநில அரசின் முத்திரை, பிறகு வெளியுறவுத் துறை ஒட்டும் ஒரு சீட்டு. பட்டம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அதற்கு அப்போஸ்டில் என்று பெயர். இதை வாங்கித் தரும் ஏஜென்சி ஒன்று நகரத்துக்குள் இருந்தது. வியாழக்கிழமை காலை அண்ணனூரில் ரயில் ஏறிப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் பட்டத்தை வாங்கி, படிக்காமல், நகத்தால் இரண்டு தட்டு தட்டினார்.

"சார், இது லேமினேட் பண்ணியிருக்கு."

"ஆமா."

"இதுல சீல் நிக்காது. எடுக்கவே மாட்டாங்க."

வேறு வழி கேட்டேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம், மூன்று மாதம் ஆகும் என்றார். என் விசா நேர்காணலுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. முத்திரை வேலைக்கே பத்து நாள். அந்த நேர்காணலைத் தவறவிட்டால் அடுத்தது அக்டோபரில்தான். வகுப்போ செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்குள் போய்ச் சேராதவனின் இடம் ரத்து என்று கடிதத்திலேயே இருந்தது. போலந்தில் படித்த வருடமும் அதோடு போய்விடும்.

"உரிச்சுப் பாருங்க சார். சிலருக்கு வரும்" என்றவர், எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. நேராகப் பாய் கடைக்குப் போனேன். பூந்தமல்லியிலிருந்து தினமும் வந்துபோகிறவர் அவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் ஒரே கடையில். பட்டத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"இது உங்கப்பா குட்த்தது. இருக்கறதுலயே தடிப்பான ஷீட்ட போடு, ரெண்டு தபா ஓட்டுன்னாரு. நான் போட்றதுக்குள்ள என்னைய தள்ளிவுட்டுட்டு அவரே மூலையெல்லாம் அமுக்குனாரு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அல்லா, நான் கேட்டிருக்கணும் தம்பி. ஒரிஜினலாச்சே, லேமினேஷன் வேணுமான்னு கேட்டிருக்கணும்."

முதலில் தேவையில்லாத ஒன்றில் முயன்று பார்ப்போம் என்று, பையிலிருந்த கல்லூரியின் நன்னடத்தைச் சான்றிதழை எடுத்தோம். மேலே துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்து, ஓரத்தைப் பிளேடால் கிளப்பினார். பாதி தூரம் ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் எழுத்துகளும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்தன. முதல்வரின் கையெழுத்து உறையில் இருந்தது, காகிதத்தில் இல்லை.

பாய் பிளேடைக் கீழே வைத்துவிட்டார். "டிகிரில நான் கை வெக்க மாட்டேன். குட்த்தவரு வரட்டும். அவரு முன்னாடி போனா போவட்டும். அவருக்குத் தெரியாம நான் கிழிச்சேன்னு இருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அப்பா, லேமினேஷன் போட்டா அவங்க சீல் வெக்க மாட்டாங்களாம்."

டம்ளரைக் கீழே வைத்தார். "போட்டுட்டமே."

"ஆமா."

"எல்லாத்துக்கும் போட்டுட்டனே."

"டிகிரி ஒண்ணுதான் வேணும்."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "ஊரான் ஊட்டு அட்டப்பொட்டிக்கே பிளாஸ்டிக் சுத்தற ஆளு, சொந்தப் புள்ள சர்டிபிகேட்ட சும்மா வுடுமா?"

அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இத்தால நீ போவ முடியாம பூடுமா?"

மென்மையாகச் சொல்லியிருக்கலாம். "பூடும்ப்பா" என்றேன்.

நன்னடத்தைச் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. "என்னாண்ட சொல்லாம பாய்கிட்ட போயிருக்கற" என்று மட்டும் சொன்னார். மீதி டீயைக் குடித்துவிட்டு, "இஸ்திரி பொட்டிய எவனாவது மேல வெப்பானா? சூடு மேலேர்ந்து எறங்குனா மை பிளாஸ்டிக்குல போய் ஒட்டிக்கும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் பாய் கடைக்குள் இருந்தோம். சூப்பர்வைசரிடம் கேட்டு ஹீட் கன்னை அப்பா கொண்டுவந்திருந்தார். பட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, காற்றின் சூட்டைத் தன் முழங்கையின் உள்பக்கத்தில் அடித்துப் பார்த்துக்கொண்டார். ஒரு முறை கையை இழுத்துக்கொண்டு சூட்டைக் குறைத்தார். எழுத்தில்லாத பின்பக்கம்தான் முதலில். காற்று ஓரிடத்தில் நிற்காமல் போய்வந்துகொண்டே இருந்தது. இன்னொரு கையால் உறையை இழுக்காமல், அது தானாக விடுகிற அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணாத்தே, இத்த முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் கடைய உங்களாண்ட குட்த்துட்டு ஊட்ல படுத்திருப்பேன்" என்றார் பாய்.

"பேசாதய்யா. மூச்சுக் காத்து பட்து."

பின்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதத்தின் மேல்தோல் உரிந்து வந்துவிட்டது. அவர் நிறுத்தி, திசையை மாற்றி, எதிர் மூலையிலிருந்து வந்தார். முன்பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பல்கலைக்கழகச் சின்னத்தின் தங்க நிறம் கொஞ்சம் போனது. என் பெயர், வகுப்பு, துணைவேந்தரின் கையெழுத்து எல்லாம் காகிதத்திலேயே நின்றன. உரித்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரால் எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் உறையில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியும்.

"வந்துட்ச்சி" என்றார் பாய்.

அப்பா ஹீட் கன்னை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை ஏஜென்சிப் பெண் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் உரிச்சாங்க?"

"எங்கப்பா."

"எங்க கடை வெச்சிருக்காரு?"

"கடை இல்ல. பேக்கிங்ல இருக்காரு."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. நிராகரித்தால் நாங்கள் பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார். அடுத்த பத்து நாளும் அப்பா வேலையிலிருந்து வந்ததும் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். குளிக்கப் போய்விடுவார்.

பத்தாம் நாள், நேர்காணலுக்கு முந்தின தினம், பட்டம் திரும்பி வந்தது. உரிந்த இடத்தைத் தவிர்த்து, நல்ல காகிதம் இருந்த இடமாகப் பார்த்து முத்திரை வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே சீட்டு. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதான் அந்த சீலா?"

"ஆமாப்பா."

"இனிமே எந்த நாட்டுக்குப் போனாலும் இத்த கேப்பானுங்களா?"

"கேப்பாங்க."

"அப்ப நீயே வெச்சிக்க. என் கையில குடுக்காத."

பீரோவிலேயே இருக்கட்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"தோ பாரு, எனக்கு ஒரு பொருள மூடத்தான் தெரியும். இது தொறந்து கெடக்க வேண்டிய சரக்கு. எட்த்துகினு போ."

மறுநாள் நேர்காணலில் அதை வாங்கியவர் சீட்டின் எண்ணை மட்டும் கணினியில் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் விசா வந்தது. பட்டத்தைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.