குறை தேடிப் பிறம்ரன் போன ஞாயிறு

காலை 9.10. ஒரு குறையாவது கண்டுபிடித்துக்கொண்டுதான் திரும்புவது என்ற தீர்மானத்தோடு, ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து காரைக் கிளப்பினேன். என் மகள் தர்ஷினி, ஜஸ்பீர் என்ற சீக்கியப் பையனைக் கட்டப் போவதாகச் சொல்லி ஆறு மாதம். நான் "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருப்பதும் ஆறு மாதம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"அப்பா, ஒரே ஒருக்கா அவையின்ர குருத்வாராவுக்கு வாங்கோ. ஜஸ்பீரின்ர டாட் எல்லாம் காட்டுவார். பிறகும் நீங்கள் நோ எண்டா, ஓகே, நான் விடுறன்."

நான் நோ சொன்னால் விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு என்னோடு எந்த முகத்தோடு பேசுவாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே எனக்குச் சின்னக் குறை போதாது. அவளே ஓம் என்று தலையாட்டக்கூடிய பெரிய குறை வேண்டும்.

குருத்வாரா இருக்கும் பிறம்ரனுக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர். 407இல் போனால் விரைவு, ஆனால் அது காசு கட்டும் வீதி. ஸ்காபரோத் தமிழன் 407இல் ஏறுவதானால் ஒன்று பிரசவ வலி வந்திருக்க வேண்டும், அல்லது விமானம் புறப்படும் நேரமாயிருக்க வேண்டும். காசு கேட்காத 401இல் போனோம். பக்கத்தில் மனைவி மனோ, மடியில் அர்ச்சனைத் தட்டு: தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, கற்பூரம். பின் இருக்கையில் தர்ஷினி.

"அம்மா, அங்க அர்ச்சனை எல்லாம் இல்லை."

"கடவுளிட்டைப் போகேக்கை வெறுங்கையோடை போறதே?" என்றாள் மனோ. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

10.05. குருத்வாரா, பாரவண்டிகள் வரிசையாக நிற்கும் பண்டகசாலைகளுக்கு நடுவில், வெள்ளைக் குவிமாடத்தோடு நின்றது. உள்ளே, காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றி வைக்கும் அறை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் என் சப்பாத்தை இரண்டு கையாலும் வாங்கித் தட்டில் அடுக்கினார். சப்பாத்துப் போனதும் என் கைகள் தம் பாட்டுக்கு அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டன. எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. அறுபத்திரண்டு வருடப் பழக்கம். கோட்டைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன், மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்தியோடு நிமிர்ந்தேன். அறையில் நின்ற எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ! என்ன கோலமிது!" என்றாள் மனோ.

தாடிக்காரர் பதறவில்லை. ஒரு செம்மஞ்சள் துணியை எடுத்து நீட்டினார். எனக்குப் பெரிய ஆறுதல். சால்வை! சந்நிதியில் சால்வையை இடுப்பில் கட்டுவதுதானே மரியாதை? கட்டப் பார்த்தேன். என் இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம். துணி பாதி வழியில் நின்றுவிட்டது.

"அப்பா, அது தலைக்கு," என்றாள் தர்ஷினி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. அவளே எனக்குச் சட்டையைப் போட்டுவிட்டுத் துணியைத் தலையில் கட்டினாள். நாங்கள் உடம்பைத் திறந்து காட்டும் மரியாதையை இவர்கள் தலையை மூடிக் காட்டுகிறார்கள். இது வித்தியாசம்தான், குறையாகாது.

10.20. ஜஸ்பீருக்கு அன்றைக்கு வேலை; அவனுடைய தந்தை குல்வந்த் சிங் வாசலில் காத்திருந்தார். முப்பது வருடம் பாரவண்டி ஓட்டியவர், நீல டர்பன், என்னைவிட ஒரு முழம் உயரம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது தொழிற்சாலை ஆங்கிலம். அதைத் தமிழில் தருகிறேன்.

மண்டபத்தில் கண்ணால் மூலவரைத் தேடினேன். விதானத்தின் கீழே பட்டு விரித்த மேடையில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. பின்னால் ஒருவர் சாமரம் வீசினார். எல்லோரும் அதன் முன்னே நெற்றி தரையில் முட்ட வணங்கினார்கள்.

"சிலை கிடையாது," என்றார் குல்வந்த். "கடவுள் ஒன்று, உருவம் இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு முன்னர் பஞ்சாபில் குரு நானக் சொன்னது. அவருக்குப் பின்னால் ஒன்பது குருமார். பத்தாமவர், இனி இந்த நூல்தான் உங்கள் குரு என்று சொல்லிவிட்டார்."

"அப்ப நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை?"

"நட்சத்திரமா? கடமை மூன்றுதான். கடவுளை நினை, உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து கொடு."

மூன்றே மூன்று! மனோ பிடிக்கும் விரதங்களையே எண்ணி முடிக்க எனக்கு இரண்டு கையும் போதாது. பொறாமையாக இருந்தது. தேங்காயை ஒரு பெண்மணி நன்றியோடு வாங்கிச் சமையலறைக்குக் கொண்டு போனார்.

கையில் நெய் வழியும் கோதுமை அல்வா ஒரு உருண்டை தந்தார்கள். தின்றுகொண்டிருக்கையில் குல்வந்த் ஒரு கதை சொன்னார். இளைஞன் நானக்கிடம் தகப்பன் இருபது ரூபாய் கொடுத்து, இலாபமாக ஏதாவது வியாபாரம் செய்துவிட்டு வா என்று அனுப்பினாராம். வழியில் பசித்த சாதுக்களைக் கண்ட மகன் முழுவதையும் சோறாக்கிப் போட்டுவிட்டு, இதைவிட இலாபமான வியாபாரம் கிடையாது என்று திரும்பினாராம். தகப்பன் அடித்தாராம்.

"நானென்றாலும் அடித்திருப்பேன்," என்றேன், வாய் தவறி.

குல்வந்த் மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "நானும்தான்! ஆனால் அந்தச் சோறுதான் இன்றைக்கும் கீழே வேகிறது. வாருங்கள்."

11.30. கீழே சாப்பாட்டுக் கூடம். யார் வந்தாலும் சாப்பாடு, விலை கிடையாது, எல்லோரும் தரையில் ஒரே வரிசை. இருபது வருடமாகத் தரையில் அமராத என் முழங்கால் இரண்டும் பட்டாசாய் வெடித்தன. பக்கத்தில் வந்து அமர்ந்தவர், என் சப்பாத்தை வாங்கி அடுக்கிய அதே தாடிக்காரர்.

"நீங்கள் இங்கேதான் வேலையா?" என்று கேட்டேன்.

"ஞாயிறுகளில் மட்டும். மற்ற நாளில் பல் வைத்தியன்."

ரொட்டிக்கு ஒரு கையை நீட்டினேன். இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். ஏந்தினேன். அப்போதுதான் பழைய நினைவு ஒன்று வந்தது. எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்தில் எனக்கு எப்போதும் உள் வரிசை. என் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவனுக்கு மதிலுக்கு வெளியே கொடுப்பார்கள். அவன் வெயிலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டாம் தரம் பாயாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பிறம்ரனில் தரையில் இருந்துகொண்டு வெட்கப்பட்டேன். காலம் கடந்த வெட்கம்தான், ஆனாலும் உண்மையான வெட்கம்.

12.15. சாப்பிட்டவர்கள் பாத்திரம் கழுவப் போவதும் வழக்கமாம். குல்வந்த்தும் நானும் ஒரு தொட்டியடியில் நின்றோம். வெட்கம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். யாழ்ப்பாணத்தான் சாதியை நேரே கேட்கமாட்டான். ஊரைக் கேட்பான், ஊரில் எந்தப் பக்கம் என்பான், அந்தப் பக்கத்தில் இன்னாரைத் தெரியுமோ என்பான். என் வாயும் தொடங்கிவிட்டது.

"பஞ்சாபில் எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?"

குல்வந்த் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. லூதியானாவிலிருந்து என் தங்கையும் உங்களைப் பற்றி அதையேதான் கேட்கிறாள், தினமும்." குரலைத் தணித்தார். "அந்தக் கேள்வியை ஒழிக்கத்தான் குருமார் எங்களை ஒரே வரிசையில் இருத்தினார்கள். ஆண்களெல்லாம் சிங், பெண்களெல்லாம் கௌர் என்று பெயர் தந்தார்கள். ஆனாலும் கேள்வி சாகவில்லை. இன்றைக்கும் தொலைபேசியில் எடுப்பாள். நான் என்ன சொல்ல?"

ஆறு மாதமாகத் தேடிய குறை, மனிதர் தானாகவே எடுத்து என் கையில் வைத்துவிட்டார். ஆனால் அது என்னுடைய குறையாகவும் இருந்தது. அறுபத்திரண்டு வருடமாக நாக்கு நுனியில் தயாராக இருந்த சாதிப் பதிலை அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை.

"கலியாணத்துக்கு வந்து என்னை நேரே கேட்கச் சொல்லுங்கள்," என்றேன்.

"எந்தக் கலியாணத்துக்கு?" என்றார் குல்வந்த். பிறகு அவருக்கு விளங்கியது, எனக்கும் விளங்கியது. சவர்க்கார நுரைக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்.

பிற்பகல் 1.40. திரும்பும் வழியில் தர்ஷினி பின்னாலிருந்து கேட்டாள்.

"அப்பா, நீங்கள் யெஸ் சொன்னதா ஜஸ்பீர் டெக்ஸ்ட் பண்ணுறான். இஸ் இட் ட்ரூ?"

"சாப்பாட்டிலை உறைப்புக் காணாது," என்றேன். "மற்றும்படி ஓம்."

அவள் அழுதாள். மனோ கண்ணைத் துடைத்துவிட்டு, "உது சரி. இண்டைக்கு அக்கா போன் எடுப்பா. அவவுக்கு நீங்கள்தான் மறுமொழி சொல்லோணும்," என்றாள். அக்கா என்பது மில்லிக்கனில் இருக்கும் மனோவின் தமக்கை. அவரிடம் நல்லபேர் வாங்கிய சம்பந்தம் எங்கள் குடும்பத்தில் இதுவரை கிடையாது.

2.45. வீடு. கோட்டைக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. மனோ அதை என் கையில் திணித்துவிட்டுக் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"தம்பி, போய்ப் பாத்தனியளே? பெடியன் என்ன ஆக்கள்?"

"என்னோடை ஒரு பந்தியிலை இருந்து சாப்பிடுற ஆக்கள், அக்கா."

நானும் தொலைபேசியை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.