சோற்றுக்குப் பின் விழுங்க வேண்டிய மாத்திரை

ரேஷன் கடைக் கருவியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தபோதுதான் என் கையில் ரேகை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே உள்ளங்கை சிவந்து எரிந்துகொண்டிருந்தது. விரல் நுனி வழவழத்தது. சீக்கு என்று வந்தால் எங்கேயாவது எரியத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன்.

பெருங்குடலில் புற்றுநோய். சேலத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. மிச்சம் மீதி ஒளிந்திருப்பதைக் கொல்ல மாத்திரை கொடுத்தார்கள். உங்களில் யாராவது அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அதை வெறும் வயிற்றில் போடக் கூடாது. காலையும் இரவும் சாப்பிட்ட அரைமணிக்குள் போட வேண்டும். அதாவது, சோறு இருந்தால்தான் மருந்து.

நான் நாமக்கல் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அறுவைக்குப் பிறகு தறியில் நிற்க முடியவில்லை. ரேஷன் அரிசி வந்தால்தான் என் வீட்டில் உலை.

“அக்கா, மிசினு எடுக்கமாட்டீங்குது. கையைக் கழுவீட்டு வாங்க,” என்றார் கடைக்காரர். கழுவினேன். புடவையில் துடைத்து மறுபடி வைத்தேன். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

“ரேகை உழுந்தாத்தானுங்க அரிசி போட முடியும். கார்டுல வேற ஆளு இருக்குதுங்களா?”

“என்ற பேரு மட்டுந்தானுங்க.”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அடுத்த ஆளு வாங்க.”

சாயங்காலம் என் நங்கை, அதாவது அண்ணன் மனைவி, வந்தார். கையைப் பார்த்ததும், “ஒடம்புச் சூடு சாமி. மருதாணி வெச்சா அடங்கீரும்,” என்று அரைத்து எல்லா விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டார். எங்கள் பக்கம் சூட்டுக்கு அதுதான் முதல் வைத்தியம். வைத்தபோது குளுகுளுவென்றுதான் இருந்தது. கழுவும்போது தோலும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

அடுத்த முறை கடைக்காரர் கருவியைத் தொடவே இல்லை. என் விரல்களைப் பார்த்தார்.

“நோம்பிக்குப் பொறப்பட்டாப்புல மருதாணி வெச்சிருக்கறீங்க. சீக்குன்னா யாருங்கக்கா நம்புவா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாத்திரை கொடுத்த குமட்டலையாவது எலுமிச்சையை முகர்ந்து அடக்கினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் வடை தின்றுகொண்டே என் மருத்துவமனைக் காகிதங்களைப் புரட்டினார். “இதுல கேன்சருன்னுதானுங்கம்மா இருக்குது. ரேகை இல்லைன்னு எங்க இருக்குது?” என்று திருப்பிக் கொடுத்தார். என் பெயருக்கு மேல் அவருடைய விரல் ரேகை எண்ணெயில் அச்சாகப் பதிந்திருந்தது. பேருந்தில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நங்கை தன் வீட்டுச் சோற்றில் எனக்கும் பங்கு கொண்டுவந்தார். அங்கேயும் இழுபறிதான். தினமும் வாங்கித் தின்ன மனம் கூசியது. “பசியில்லீங்க நங்கை,” என்று சொல்லப் பழகினேன். சாப்பிடாத வேளைகளில் மாத்திரையையும் விட்டேன்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்தார்.

“ஏம்மா, பாதி அப்படியே இருக்கு?”

“சாப்பிட்டுட்டுத்தான் போடோணும்னீங்க. சோறு இல்லீங்க டாக்டர்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் கையை வாங்கிப் பார்த்தார். இதற்குக் கை-கால் நோய்க்குறி (மருந்தின் வேகத்தால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் வெந்து உரிவது) என்று பெயராம். மருதாணி கூடவே கூடாது, மாத்திரை முடிந்தால் ரேகை பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். ரேகை அழிந்திருக்கிறது, உணவில்லாவிட்டால் சிகிச்சை நின்றுபோகும் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மறுபடி வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டார். “அந்தக் கண்ணு மிசினை எடுத்து வெய்யிப்பா.”

கருவிழியைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் கருவி அது. கடை மேசைக்கடியில், சாக்குகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நான் தேய்த்துத் தேய்த்து நின்றபோதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. “சிமிட்டாதீங்கக்கா,” என்றார் கடைக்காரர். பச்சை விளக்கு எரிந்தது. பையில் அரிசி விழுந்தது.

“இதை ஏனுங்க முன்னாலயே எடுக்கல?”

“நீங்க கேக்கோணுமில்லீங்க.”

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ஆகவே, கேளுங்கள். கண் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ரேகை அழிந்திருக்கிறது என்ற அந்த ஒரு வரியை மருத்துவரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். கூச்சப்பட வேண்டியவர்கள் நாமல்ல.

மாத்திரைகள் முடிந்துவிட்டன. ரேகை மெல்லத் திரும்பிவிட்டது. “பாத்தீங்களாக்கா, வந்திருச்சு,” என்று கடைக்காரர் பல்லைக் காட்டுகிறார். நான் விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொள்கிறேன். முன்பு சனிக்கிழமைக் கூலியோடு வாரம் முடியும். இப்போது அந்தப் பச்சை விளக்கில்தான் எனக்கு மாதம் பிறக்கிறது.

பரிசோதனையில் நோய் தெரியவில்லை என்கிறார் மருத்துவர். நான் விட்ட மாத்திரைகளைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. தட்டில் சோற்றைப் போட்டதும் விரல்களைத் திருப்பிப் பார்க்கிறேன். பிறகுதான் பிசைகிறேன்.