பல்லாவரம் சந்தையில் மேரியம்மா என் பக்கம் சேர்ந்த வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குச் செடி விற்கப் போனேன். "இன்னைக்கும் செடி திரும்பி வந்தா, இதோட வுட்டுடுப்பா" என்று மகன் சொல்லியிருந்தான். எனக்கு வயது எழுபத்திரண்டு. விடுவதாக இல்லை.

பெருங்களத்தூரில் காலை 5.40 ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். சாக்கு மூட்டை இருந்தால் வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் ஏறுங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள். இருபது நிமிடத்தில் பல்லாவரம். அங்கிருந்து சந்தைக்கு அரை கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு சாக்கோடு எனக்கு அரை மணி நேரம் ஆனது.

என் எதிரி செல்வம். மினி வேன் நிறையச் செடி கொண்டுவருகிறவன். ஐந்து வாரமாக ஒரே அடிதான் அடித்தான். நான் ரோஜாவை அறுபது என்றால் அவன் நாற்பது. நான் மூட்டை கட்டியதும் எண்பது. "பெருசு, வூட்ல போய் பேரனோட வெளையாடு" என்று கேலி வேறு.

போன வெள்ளி, பக்கத்தில் மண்தொட்டி விற்கும் மேரியம்மா என்னோடு சேர்ந்தார். அவர் தொட்டியில் என் செடியை அங்கேயே நட்டுக் கொடுத்தோம். 'தொட்டியோடு ரோஜா 150. தனியாகத் தொட்டி கிடையாது' என்று அட்டையில் நானே எழுதினேன். எழுதக் கற்று ஏழு மாதம்தான் ஆகிறது. 'ரோ' மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. அதுவும் நல்லதுதான், தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஒன்பது மணிக்குச் செல்வம் விலையை முப்பதாக்கினான். ஒருவரும் திரும்பவில்லை. வெறும் செடியை வாங்கிக்கொண்டு தொட்டிக்கு அலைய யாருக்கு நேரம்? பத்து மணிக்கு அவன் போர்முறையே மாறிவிட்டது. என்னை விட்டுவிட்டு, ஒரு டீயோடு மேரியம்மாவிடம் வந்தான்.

"அக்கா, எதுக்கு வெயில்ல கஷ்டப்படுற? மொத்தத் தொட்டியும் நானே எடுத்துக்கிறேன்."

அவர் போய்விட்டால் மதியத்துக்குள் என் கதை முடிந்தது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர், போனாலும் தப்பு சொல்ல முடியாது. நான் மண்ணைக் கிளறிக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

மேரியம்மா டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"டீ நல்லாத்தான் கீது தம்பி. போன மாசம் என் தொட்டி மேல வண்டிய ஏத்துனியே, அப்போ இந்த அக்கா கண்ணுக்குத் தெரியலயா? அடுத்த வாரம் இந்த நைனாவுக்கும் சேத்து வாங்கினு வா."

செல்வம் சிரிக்கப் பார்த்தான். பிறகு காலி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வேனுக்குத் திரும்பினான்.

பதினொன்றரைக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மகன் முன்னால் இரண்டு சாக்கையும் உதறிக் காட்டினேன். அவன் மேல்தான் மண் விழுந்தது.

கடை போட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறரைக்குள் வந்தால் நல்ல இடம் கிடைக்கும். குடிக்கத் தண்ணீர் எடுத்து வாருங்கள். உங்களோடு ஒருவர் சேர்ந்ததும் எதிரி உங்களை அடிப்பதை நிறுத்தினால், உடனே சந்தோஷப்படாதீர்கள். டீயை யாரிடம் கொண்டுபோகிறான் என்று பாருங்கள்.

அடுத்த வெள்ளி செல்வம் சொந்தமாகத் தொட்டி இறக்கினாலும் இறக்குவான். இறக்கட்டும். எரு விற்கும் பாயிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன்.