ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஹெவி மெட்டல் ஆல்பங்களைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு குழுவின் முதல் மூன்று ஆல்பங்களுக்குள் அதன் உண்மை வெளிப்பட்டுவிடும். பாடகர் மாறிய பின் வருவதை, அதே பெயரில் இயங்கும் வேறொரு குழுவின் இசையாகவே கருத வேண்டும். வேகத்தைக் கனம் என்று எண்ணுவது இளையோர் செய்யும் பிழை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, கே.கே. நகரில் ஓய்வாக வசிக்கும் ஒரு பெண்மணி இவற்றை வெளியே சொல்வது பொருத்தமன்று என்பதால் சொன்னதில்லை. காலை நடையில் என் காதிலிருக்கும் கருவியைக் காண்போர், ஞானப்பாட்டு கேட்பதாக எண்ணுகிறார்கள். நான் திருத்துவதில்லை.

இந்த இசையை எனக்குக் கேட்கத் தந்தவர் தாய்மாமா. வாடிப்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர், மணமாகாதவர், மதுரையில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். அம்மா தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். மாமாவின் கேசட்டுகளுக்கு அவர் அனுமதித்த நேரம் ஞாயிறு பிற்பகல் மட்டுமே. அதுவும் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து அவர் வீடு திரும்பும்வரை. மதுரையில் இவ்விசையைக் கேட்கும் வேறொருவரை மாமா அறிந்திருக்கவில்லை. ஆகவே பத்து வயதான என்னை எதிரில் அமர்த்தி, ஒவ்வொரு பாட்டுக்கும் தீர்ப்புச் சொல்வார். நான் தலையசைப்பேன்.

அக்காலத்தில் டவுன் ஹால் ரோட்டருகே ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்று கேசட்டைக் கொடுத்தால், கேட்ட இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். தொண்ணூறு நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஓர் ஆல்பம் என்பது மாமாவின் ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் அப்படிப் பதிந்த ஒரு கேசட்டை நான்தான் வாங்கிவந்தேன். கடைக்காரர் ஒரு செய்தியும் சொல்லி அனுப்பினார்: “பாப்பா, ஏ பக்கம் கடைசிப் பாட்டு முழுசா ஏறல. டேப்பு அம்புட்டுத்தான். மாமாட்ட மறக்காமச் சொல்லிரு.”

மறந்துவிட்டேன். ஞாயிறன்று, கிதார் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்த நொடியில் பாட்டு வெட்டுண்டு நின்றபோதுதான் நினைவு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். மாமா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். கண்கள் மூடியிருந்தன.

“பாத்தியா? முடிக்காமலே முடிச்சிட்டான். எம்புட்டு தைரியம் இருந்தா இப்படி நிறுத்துவான்?” என்றார். பிறகு, அதுவரை ஒருமுறையும் கேட்டிராததைக் கேட்டார். “உனக்கு என்ன தோணுது தாயி?”

எனக்கும் அப்படித்தான் தோன்றுவதாகச் சொன்னேன். அவ்வளவு மகிழ்ச்சியோடு என்னை எவரும் பார்த்ததில்லை.

ஓராண்டு காலம் அந்த முடிவைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அதே கடையில், ஒரு மருத்துவரின் மகனை, பெங்களூரில் படித்து விடுமுறைக்கு வந்திருந்தவனைச் சந்தித்தார். அவனும் இவ்விசையின் ரசிகன் என்பதை வீட்டுக்கு வந்து மூன்று முறை சொன்னார். அவனை வீட்டுக்கு அழைத்திருந்த ஞாயிறு தேய்த்த சட்டை அணிந்தார். வாழைக்காய் பஜ்ஜி போட்டுவைக்கும்படி அம்மாவைக் கேட்டுக்கொண்டார். விருந்தாளி அமர்ந்ததும் ஏ பக்கத்தை ஓடவிட்டு, வெட்டுண்ட இடத்தில் கையை உயர்த்தி, தம் தீர்ப்பைச் சொன்னார்.

அந்த இளைஞன் கெட்டவனல்லன். சிரித்துவிட்டான், அவ்வளவே. “அண்ணே, டேப்பு தீந்து போயிருக்கும்ணே. இன்னும் மூணு நிமிஷம் பாட்டு இருக்கு. கடைசில பியானோவெல்லாம் வரும்.”

மாமாவும் சிரித்தார். “சாப்பிடுங்க தம்பி, ஆறிரும்” என்று தட்டை நகர்த்தினார். அதன்பின் அவன் பேசினான், இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவன் மீண்டும் வந்தான். மாமா இல்லையென்று சொல்லும்படி முன்னறைக் கதவின் பின்னாலிருந்து எனக்குச் சைகை வந்தது. வாடிப்பட்டிக்குப் போயிருக்கிறார் என்று வாசலில் சொன்னேன். அவன் கக்கத்தில் அந்த ஆல்பத்தின் இசைத்தட்டு இருந்தது. மாமாவிடம் தரவே கொண்டுவந்திருந்தான். சற்று நின்றுவிட்டு, இசைத்தட்டோடு சைக்கிளேறிப் போனான், பிறகு வரவேயில்லை.

உள்ளே சென்று, கடைக்காரர் சொன்னதை மறைத்தவள் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஏன் மறைத்தாய் என்று மாமா கேட்டார். அவர் சந்தோஷமாக இருந்ததால் என்றேன். கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கலானார். கடைக்குப் போய், பாட்டை முழுதாகப் பதிந்து வாங்கிவருகிறேன் என்றேன்.

“வேணாம் தாயி,” என்றார். அந்த வாரமே கேசட்டுகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவற்றின் மேல் ஆலயப் பாடகர் குழுவின் ஒத்திகைகள் பதியப்பட்டன. மாமா மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போனார், அங்கேயே காலமானார். அதுவரை எங்கள் கடிதங்களில் அந்த இசை இடம்பெறவேயில்லை.

இன்று அந்தப் பாட்டு முழுமையாக என் கைப்பேசியில் இருக்கிறது. பியானோ வருகிறது, அழகாகவே வருகிறது. ஆனால் தேவையில்லை. கிதார் உச்சத்தில் இருந்தபோதே அது முடிந்திருக்க வேண்டும். மாமாவின் தீர்ப்பே சரி. நான் எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

கிடைக்காமல்போன மூன்று நிமிடங்களுக்காகவே அவர் வருந்துகிறார் என்று அன்று நினைத்தேன். உண்மையில், கேட்டவரைக்கும் அவர் ரசித்தது சரிதான் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவளாக நான் ஒருத்திதான் இருந்தேன். நானோ, கடைக்குப் போய்வருகிறேன் என்றேன்.