ரன் என்ற சொல்லும் நதீரா டீச்சரும்

இங்கிலீசுக்காரன் மூன்றெழுத்தில் ஒரு சொல்லைப் படைத்துவிட்டு, அதன் தலையில் ஊர்ச்சுமையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறான். ரன் என்றால் ஓடு என்றுதான் நிந்தவூர் நதீரா சின்ன வயதில் படித்தாள். பிறகு பார்த்தால் தண்ணீர் வடிவதும் ரன், கடை நடத்துவதும் ரன், தேர்தலில் நிற்பதும் ரன். அகராதியில் அந்தச் சொல் வரும் பக்கங்களைக் கண்டாலே அவள் புத்தகத்தை மூடிவிடுவாள்.

ஏழு வருடம் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக இருந்தவளுக்கு இப்போதுதான் தற்காலிக நியமனம். அதை நிரந்தரமாக்க ஓர் அதிகாரி வந்து அவள் பாடத்தைப் பார்க்க வேண்டும். பாடத்தில் பிழை வந்தால் வேலை போய்விடும். அன்று அவர் வந்து பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். பாடமோ அந்தப் பாழாய்ப்போன சொல்லேதான். கரும்பலகையில் எழுதப்போக வெண்கட்டி முறிந்தது.

எப்படியோ ஆறு அர்த்தம் சொல்லிவிட்டாள். அப்போது முன்வாங்கில் இருந்த மாணவி அப்னா எழும்பினாள்.

"டீச்சர், கதைப் புத்தகத்துல கோழியெல்லாம் ரன்னுக்குள்ள இரிக்கி எண்டு போட்டிரிக்கி. அது என்ன?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். "கோழி பயந்து ஓடுறது புள்ள" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அது கோழிகளை உலவவிடும் வலையடைப்பு என்பது அவளுக்கு அன்று பின்னேரம் வீட்டில்தான் தெரிந்தது. டீச்சர் சொன்னதை அப்னா அப்படியே எழுதிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பள்ளிவாசலில் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பாங்கு முடியும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கதைப்பதில்லை. நதீரா பாங்குக்குரிய பதிலை உதட்டுக்குள் சொன்னாள். சற்றுமுன் பொய் சொன்னதும் இதே வாய்தான் என்று நினைக்க உடம்பு கூசியது. பிள்ளை இந்தப் பொய்யைப் பரீட்சையிலும் எழுதும். திருத்தினால் வேலை போகும். அல்லாஹ்வே, இந்தப் பாங்கு முடியாமலே இருக்கட்டும் என்று பயத்தில் கேட்டாள்.

பாங்கு முடிந்தது.

"அப்னா, நான் சொன்னது பிழை. எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியா. பாத்திட்டு நாளைக்குச் சொல்றன்."

அப்னா எழுதியதை வெட்டினாள். அதிகாரி நிமிரவே இல்லை. பிள்ளைகளின் கொப்பி பார்க்கும் சாக்கில் நதீரா அவர் பக்கம் போனாள். கோழி பயந்து ஓடுவது என்று தன் கொப்பியில் எழுதி வைத்திருந்ததை அவரும் வெட்டிக்கொண்டிருந்தார்.