புல்வெளியில் ஒரு கற்பூரம்

மாமா நியூ ஜெர்சியில் போலீஸ்காரராக இருந்து, வேலையில் இருக்கும்போதே கார் மோதி இறந்துபோனார். எனக்கு அப்போது எட்டு வயது. தகனம் செய்த இடத்தில் நெருப்புப் பற்றவைக்க விடவில்லை. ஒரு கற்பூரம்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டோமே என்று மாமாவின் மனைவி, என் அத்தை, பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மே மாதம், இறந்த போலீஸ்காரர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் அரசாங்கப் புல்வெளி அது. அங்கே ஒரு நாற்காலி போடவும் சட்டசபை சம்மதிக்க வேண்டும். சம்மதித்துத் தீர்மானம் போட்டார்கள். அதன் நகல் வீட்டுக்கு வந்தது. அப்பா படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். மலர்வளையம் உண்டு, பாட்டு உண்டு. நெருப்பு கூடாது.

"அத்தனை பேர் கையைத் தூக்கினாங்களே, ஒருத்தருக்குமா கற்பூரம் ஞாபகம் வரல?" என்றாள் அத்தை. அவள் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை; ஆங்கிலமும் தெரியாது.

கூட்டத்தன்று அப்பாவும் அம்மாவும் என்னையும் அத்தையையும் இறக்கிவிட்டு பார்க்கிங் தேடிப் போனார்கள். நுழைவில் நின்ற போலீஸ்காரர் அத்தையின் கைப்பையைத் திறந்து பார்த்தார். சின்னத் தட்டு, கற்பூரம், தீப்பெட்டி. இங்கே எதையும் கொளுத்தக்கூடாது, இந்த அம்மாவிடம் சொல் என்றார் என்னிடம்.

"கண்ணு, ஒரே ஒரு வில்லைன்னு சொல்லு. காட்டிட்டு நானே அணைச்சுப்போடறேன்."

இதைக் கேட்டால் எங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குப் பயம். கொளுத்த மாட்டார்களாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தையின் சேலையில் குத்தியிருந்த அட்டையில் மாமாவின் பெயரைப் படித்தவர், பையை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"சரின்னுட்டாரா?"

தலையை ஆட்டினேன்.

மேடையில் மாமாவின் பெயரை வாசித்ததும் அத்தை எழுந்துபோய் மலர்வளையத்தின் முன் உட்கார்ந்தாள். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. அதற்குள் அந்தப் போலீஸ்காரர் வேகமாக வந்துவிட்டார். காற்றடித்த பக்கம் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது தட்டில் வில்லை இல்லை, கரிதான் இருந்தது.

"போலீஸ் வந்து அணைச்சிட்டாருப்பா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் காதில் சொன்னேன். அத்தை அந்தப் போலீஸ்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அணைத்தவரைப் போய்க் கும்பிடுகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.