கைராசி இல்லாத சப்பாத்தி

செயலாளருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நாளிதழில் ராசிபலன் வரும் பக்கத்தை மடித்து, மழையில் நனைந்த செருப்புக்குள் திணித்து வைப்பார். இரும்பு கடையும் கடைசல் பட்டறையில் இருபது வருடம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். வாரத்தில் ஒரு நாள் விடுமுறைக்காகப் பதினேழு நாள் பட்டறை வாசலில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் செயலாளர்தான். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பக்தர்: மருமகளின் கைராசி.

மருமகளைத் தெருவில் கண்ணாடியக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடி லென்ஸ்களைத் தேய்த்து, பிரேமுக்கு ஏற்றபடி விளிம்பு வெட்டும் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கு முன் முழுநாள் வேலை பார்த்தார். பிறகு மதியத்துக்கு மேல்தான் போக முடிந்தது. காரணம் சப்பாத்தி. மாமனாருக்கு மேல்வரிசையில் பல் இல்லை. பல்செட் வைத்தால் குமட்டுகிறது. காலையில் இரண்டு, மதியம் இரண்டு, பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். மின் வயரிங் வேலைக்குப் போகும் கணவருக்கு டப்பாவில் நான்கு. பதினோரு வருடத்தில் அடுப்பிலிருந்து அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று ஒன்று கிடைத்ததில்லை. அதற்காக யாரும் எந்த வாசலிலும் உட்காரவில்லை.

கைராசி அவருக்குப் பிறவியிலேயே வந்துவிடவில்லை. வந்த புதிதில் சுட்டதெல்லாம் அட்டை. செயலாளர் ஒன்றை எடுத்து மேசையில் இரண்டு தட்டு தட்டி, "அமைதி, அமைதி. கூட்டம் ஆரம்பிக்குது" என்றார். கணவர் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து, லென்ஸ் வரும் காகித உறைகளின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தார். இரண்டு டம்ளர் மாவுக்கு எவ்வளவு தண்ணீர், தண்ணீர் எவ்வளவு சூடு, பிசைந்த மாவை எத்தனை நிமிடம் மூடி வைத்தது, எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் தேய்த்தது, எது மடிந்தது, எது முறிந்தது. நாற்பத்து மூன்றாவது உறையில் சப்பாத்தி கைக்குட்டை போல மடிந்தது.

"கைராசிக்காரிம்மா நீ" என்றார் செயலாளர். அந்த ஒரு சொல்லில் நாற்பத்து மூன்று உறைகளின் உழைப்பும் காணாமல் போனது.

ஒரு திங்கட்கிழமை லென்ஸ் பட்டறை முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னார். காலை ஆறரை மணி ஷிப்டில், சரிபார்க்கும் மேசைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பதினான்கு பேர் தேய்க்கும் லென்ஸ் அத்தனையும் அந்த ஒருவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னார்.

"நல்லதுதானேம்மா. உழைக்கிறவங்க மேல வரணும்" என்றார் செயலாளர். அடுத்த வாயை மென்றுகொண்டே, "ஆனா, காலைல சப்பாத்தி?" என்று அடுப்பைக் காட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கலாமே மாமா."

"நான் போட்டா அப்பளம்தான் வரும்" என்றார் கணவர். "போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தப்ப போட்டேனே. அப்பா பால்ல ஊறவெச்சுத் தின்னாரு."

"எங்க ஊறுச்சு? பால்தான் வத்துச்சு" என்றார் செயலாளர். "உன் கை வேறம்மா. அந்த ராசி எங்களுக்கு இல்ல."

கண்ணாடியக்கா தட்டை நகர்த்தி வைத்தார். "கடவுளே இல்லைன்னு சொல்ற வீட்டுல, என் கைக்கு மட்டும் எப்படி மாமா அருள் வந்துச்சு?"

மேடையில் எத்தனையோ பேரை மடக்கிய செயலாளர், இப்போது தண்ணீர் செம்பு எங்கே என்று தேடினார்.

புதன்கிழமை காலையில் கண்ணாடியக்கா சமையலறையில் ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாவைத் தொடமாட்டேன், வாயால்தான் சொல்லித் தருவேன் என்று சொல்லிவிட்டார். கணவர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார்.

"ஒட்டுது" என்று மாவு டப்பாவுக்குள் கையை விட்டார்.

"டப்பாவை மூடுங்க. ஒட்டுதுன்னு மாவு அள்ளிப் போட்டீங்கன்னா அப்பளம்தான்."

"கையெல்லாம் பிசுபிசுங்குதே."

"இருக்கட்டும். மூடி வெச்சுட்டுப் போய்க் குளிங்க."

குளித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால், மாவு கையில் ஒட்டவில்லை. "என்னடி இது, தானா திருந்திருச்சு?" என்றார் கணவர்.

"தண்ணி உள்ள போறதுக்கு நேரம் வேணும்ல. அவ்வளவுதான் ராசி."

அன்று கணவர் தீயைச் சின்னதாக வைத்து, சப்பாத்தியைக் காயவிட்டுக் கெடுத்தார். வியாழக்கிழமை ஓரம் தடித்துப் போனது. வெள்ளிக்கிழமை கல் நன்றாகச் சூடானபின் போட்டு, கொப்புளம் கிளம்பியதும் திருப்பி, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துத் துணியில் சுற்றினார். செயலாளர் ஒரு விள்ளல் வாயில் போட்டார். பல் தேவைப்படவில்லை.

"ரெண்டு நாளா எதையோ போட்டுக் கொன்னீங்க. இன்னைக்கு மருமக கை பட்டிருக்கு. இதுதான்யா கைராசி."

"அப்பா, நான் போட்டது. அவ ஸ்டூலை விட்டு எழுந்திரிக்கவே இல்ல."

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகனின் முழங்கையில் மாவு காய்ந்திருந்தது.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தா? அந்த ராசி உனக்கும் வந்துருச்சு."

கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நிரூபித்ததை மனுஷன் ஒரே வாயில் விழுங்கிவிட்டாரே. நிரூபித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்தது தன் தப்பு என்று அவருக்குப் பட்டது. கண்ணால் பார்த்த பிறகும் ஒருவருக்கு ராசிதான் வேண்டுமென்றால், அது அவர் பாடு. அன்று மதியமே முதலாளியம்மாவிடம் வருகிறேன் என்று சொன்னார். வீட்டில் யாரையும் கேட்கவில்லை; தகவல் மட்டும் சொன்னார்.

"மாமா, திங்கக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பறேன். உறையெல்லாம் அலமாரில இருக்கு."

திங்கட்கிழமைக்குள் கணவருக்கு வெளியூரில் இரண்டு நாள் வேலை வந்து, அவர் கிளம்பிப் போயிருந்தார். காலை ஐந்தரைக்குக் கண்ணாடியக்கா தலை சீவிக்கொண்டு வந்தபோது, சமையலறையில் விளக்கு எரிந்தது. செயலாளர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எதிரே சுவரில் நாற்பத்து மூன்றாவது உறை ஒட்டியிருந்தது. கையில், தடிமன் அளக்கும் பட்டறைக் காலத்து வெர்னியர் அளவுகோல். தேய்த்த சப்பாத்தியின் ஓரத்தை அதில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மில்லிமீட்டர்னு எழுதியிருக்கியே. சுடுறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன, மாமா."

"அதை எழுத வேணாமா? இப்படி எழுதினா எந்தக் கடைசல்காரன் ஒத்துக்குவான்?"

அடுப்பில் தீ போதவில்லை. கல்லில் கிடந்த முதல் சப்பாத்தி வேகாமல் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியக்காவின் கை அடுப்புத் திருகு வரைக்கும் போயிற்று. அங்கிருந்து திரும்பி, பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"தீ பத்தல மாமா."

"நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு, மொத நாளே லேட்டா போய் நிக்காத."

படியில் இறங்கினார். மூன்றாவது படியில் கால் வைத்தபோது, உள்ளே மேசையில் எதையோ இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. வந்த புதிதில் கேட்ட அதே சத்தம்; எது அப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் போகாமல் இறங்கி, தெருவில் நடந்தார்.